சத்தத்தைக் குறைக்கச் சொன்னவர்களுக்கு

ஒலிக்கருவி விரும்பிகளின் வட்டாரத்தில் ஒரு சுருக்கெழுத்து உண்டு: டபிள்யூ.ஏ.எஃப். விரித்தால் 'வைஃப் அக்செப்டன்ஸ் ஃபேக்டர்'. ஒரு கருவியை மனைவி எவ்வளவு தூரம் சகித்துக்கொள்வாள் என்பதற்கான அளவு. 1983இல் ஸ்டீரியோஃபைல் என்ற அமெரிக்கச் சஞ்சிகையில் அச்சேறிய இந்தச் சொல் நாற்பது ஆண்டு கடந்தும் ஓய்வு பெறவில்லை. ஒரு ஸ்பீக்கரைப் பற்றி எழுதுகிறவர் அதன் ஒலி இப்படி, விலை இப்படி என்று சொல்லிவிட்டுக் கடைசியில் 'டபிள்யூ.ஏ.எஃப். அதிகம்' என்று முடிப்பார். பெட்டி சின்னது, நல்ல மரநிறம், வரவேற்பறைத் திரைச்சீலைக்கு ஒத்துப்போகும், வீட்டுக்காரி கத்தமாட்டாள் என்று அர்த்தம். இந்தக் கணக்கில் ஆணுக்குக் காது இருக்கிறது, பெண்ணுக்குக் கண் மட்டும் இருக்கிறது. அவன் கேட்பான், அவள் தூசு தட்டுவாள்.

பகிடியை ஏன் பெரிதாக்குகிறாய் என்பார்கள். கனடிய ஆய்வாளர் கீர் கைட்லி 1996இல் ஒரு கட்டுரை எழுதினார். 1948 தொடக்கம் 1959 வரையான அமெரிக்க ஹைஃபை மோகத்தைப் பற்றியது. போர் முடிந்து வீட்டுக்குத் திரும்பிய நடுத்தர வர்க்க ஆண், பெண்ணின் ஆட்சி நடப்பதாகத் தான் நினைத்துக்கொண்ட வீட்டுக்குள், தனக்கென்று ஓரிடத்தைப் பிடிக்க ஒலியளவைப் பயன்படுத்தினான் என்கிறார் அவர். சத்தத்தைக் குறைக்கச் சொல்லிக் கீச்சிடும் மனைவி அந்தக் காலச் சஞ்சிகைகளின் நிரந்தரப் பாத்திரம். அவள் இல்லாவிட்டால் அவனுடைய சத்தத்துக்கு வீரம் இல்லை. பகிடி என்று சொல்லப்படுவது ஒரு நிலப்பங்கீடு.

வீட்டில் இடம் பிடித்தவன் வீதியிலும் பிடித்தான். மோட்டோரோலா 1930இல் காருக்கான வானொலியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. ஐம்பது ஆண்டு கழித்து, 1983ஆம் ஆண்டு மாதிரிகளில், போஸ் நிறுவனம் குறிப்பிட்ட ஒரு காரின் உள்வடிவத்துக்கென்றே அளந்து வடிவமைத்த ஒலியமைப்பை ஜெனரல் மோட்டோர்ஸ் கார்களில் பூட்டியது. இடையில் வளர்ந்த கார் ஒலிக் கடைகள், போட்டிகள், சஞ்சிகை அட்டைகள் பற்றி நான் விபரிக்கத் தேவையில்லை. அந்த அட்டைகளில் பெண் இருந்தாள். பொனற்றின் மேல் படுத்திருந்தாள்.

என்னிடம் இருப்பது 1996ஆம் ஆண்டு மஸ்டா எம்.எக்ஸ்-5 மியாட்டா. 1989 பெப்ரவரியில் சிக்காகோ கண்காட்சியில் அறிமுகமான முதல் தலைமுறை. முன்விளக்குகள் தூங்கி எழும்பும் வகை. துணிக்கூரை. எடை ஒரு தொன் அளவில். இரண்டே இரண்டு இருக்கை. உலகில் மிக அதிகமாக விற்ற இரண்டிருக்கை ஸ்போர்ட்ஸ் கார் என்று கின்னஸ் பதிவு செய்திருப்பது இந்த மாதிரியைத்தான். 2016 ஏப்ரலில் பத்து இலட்சமாவது கார் தொழிற்சாலையை விட்டு வெளியே வந்தது. இவ்வளவு இருந்தும் பிரித்தானியாவில் இதற்குப் பட்டப்பெயர் 'சிகையலங்காரக்காரரின் கார்'. வட அமெரிக்காவில் 'பெட்டைகளின் கார்'. மியாட்டா ஓட்டும் ஆண்கள் இதற்குச் சொல்லும் பதில் எனக்கு அந்தப் பட்டப்பெயரைவிட அதிக எரிச்சல் தருவது. இல்லை, இது உண்மையில் பந்தயக்காரனின் கார், வளைவில் எப்படி நிற்கிறது பார் என்று வாதாடுவார்கள். பெண்கள் விரும்பினால் கார் தாழ்ந்துவிடும் என்பதில் வசைபாடுகிறவனுக்கும் வக்காலத்து வாங்குகிறவனுக்கும் ஒரு கருத்து வேறுபாடும் கிடையாது. சிகையலங்காரம் செய்து உழைக்கிற ஒரு பெண் நல்ல காரைத் தெரிவு செய்யும் அறிவுள்ளவள் என்று ஒருவராவது சொல்லி நான் கேட்டதில்லை.

நம்முடைய சனம் வேறு திசையில் இருந்து வரும். "பிள்ளையளை எங்கை ஏத்துறது?" ஸ்காபரோவில் எந்தக் கலியாண வீட்டு வாகனத் தரிப்பிடத்திலும் இந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லியிருக்கிறேன். எனக்கு இரண்டு பிள்ளைகள். அவர்களுக்கு ஒரு வான் இருக்கிறது. அந்த வானையும் நான்தான் ஓட்டுகிறேன். பள்ளிக்கூடம், நீச்சல், மிருதங்க வகுப்பு, மாமியின் வைத்தியர் எல்லாவற்றுக்கும். வானில் போகும்போது ஒருவரும் ஒன்றும் கேட்பதில்லை. இரண்டு இருக்கை என்றால் ஒன்று காலியாக இருக்கும் என்பதுதான் அவர்களுக்கு உறுத்துகிறது.

பெண்ணுக்கு என்று கார் செய்தவர்கள் இல்லையா? இருந்தார்கள். டொட்ஜ் நிறுவனம் 1955இலும் 1956இலும் 'லா ஃபெம்' என்ற காரை விற்றது. வெள்ளையும் இளஞ்சிவப்புமாக உடல். இருக்கையின் பின்னால் அதே நிறக் கைப்பை. கைப்பைக்குள் உதட்டுச்சாயக் கூடு, பவுடர் டப்பா, சிகரெட் பெட்டி. கூடவே அதே துணியில் மழைக்கோட்டு, தொப்பி, குடை. பொறியியலில் ஒரு திருகாணிகூட மாறவில்லை. ஆண்களுக்கு விற்ற அதே கார்தான். வாங்க ஆளில்லாமல் இரண்டு ஆண்டில் நின்றுபோனது. பெண்களுக்குக் காரில் ஆர்வமில்லை என்பதற்கு அதையே ஆதாரமாகக் காட்டியிருப்பார்கள் என்பது என் ஊகம்.

வொல்வோ 2004இல் ஜெனீவாவில் காட்டிய வை.சி.சி. இதைவிட நுட்பமானது. முடிவெடுக்கும் பொறுப்பில் முழுக்கப் பெண்கள் இருந்த குழு உருவாக்கிய மாதிரிக் கார். அந்தக் குழுவின் மேல் எனக்குக் கோபம் இல்லை. பல நல்ல யோசனைகள் அதில் இருந்தன. குதிரைவால் கட்டியவர்கள் சாய்ந்திருக்கத் தலைப்பட்டையின் நடுவில் இடைவெளி விட்டிருந்தார்கள். கொண்டை போட்டுக்கொண்டு எந்தக் காரிலும் கழுத்து நிமிர்த்தி இருந்து பார்த்த ஒருத்திக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும். ஆனால் அந்தக் காருக்கு வழக்கமான பொனற் இல்லை. முன்பக்கத்தைத் திறக்க வேண்டுமென்றால் பட்டறைக்குப் போக வேண்டும். பெண்கள் உள்ளே எட்டிப் பார்க்க விரும்புவதில்லை என்று வாடிக்கையாளர் ஆய்வு சொன்னதாம். விரும்பாதது எதனால் என்று அடுத்த கேள்வியைக் கேட்காத ஆய்வு அது. 1888இல் மான்ஹைமில் இருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்கு நூறு கிலோமீற்றருக்கு மேல் முதல் நெடுந்தூரக் கார்ப் பயணம் போன பேர்த்தா பென்ஸ், எரிபொருள் குழாய் அடைத்தபோது தொப்பி ஊசியால் குத்தி எடுத்தார். மூடி போட்ட கார் என்றால் அவர் இன்னும் பாதி வழியில் நின்றிருப்பார்.

இனி என் கதைக்கு வருகிறேன். இருபத்தைந்து ஆண்டு பழைய காரில் ஸ்பீக்கர் எப்படி இருக்கும்? கூம்பு கடதாசி. அதைச் சுற்றி விளிம்பாக இருப்பது நுரை. நுரைக்கு ஆயுள் குறைவு. நான் கதவுத் தட்டியைக் கழற்றி விரலால் தொட்டபோது காய்ந்த பாண்தூள் போலக் கையில் வந்தது. விளிம்பு போனால் கூம்பு நேராக அசையாது, அடித்தொனி பிய்ந்து கரகரக்கும். ஸ்வர்ணலதாவின் குரலை மண்ணெண்ணெய்த் தகரத்துக்குள் இருந்து கேட்பது போல இருந்தது. மாற்றுவதென்று தீர்மானித்து ஒரு கடைக்குப் போனேன். கடையின் பெயர் இங்கே தேவையில்லை. அது ஒரு கடையின் குணம் அல்ல.

"தங்கச்சி, அவர் வரேல்லையே?"

"ஆர்?"

"உங்கட மிஸ்டர்."

"இது என்ர கார்."

"அதுக்கில்லை. பேந்து அவர் வந்து இது சரியில்லை, அது சரியில்லை எண்டு நிண்டால் எங்களுக்கு ரெண்டு வேலை."

நான் என்ன பூட்டப் போகிறீர்கள், எத்தனை வாட், எந்த இடத்தில் என்று கேட்டேன். "நல்ல சாமான்தான், நீங்கள் யோசிக்காதேங்கோ" என்றார். ஆம்ப்ளிஃபயர் போடத்தானே போகிறீர்கள் என்றேன். "உங்களுக்கு அவ்வளவு தேவைப்படாது. லேடீசுக்கு ஹை கூடினால் தலையிடி வரும். நாங்கள் ட்ரெபிளைக் குறைச்சு வச்சு விடுறம்." விலை 2,900 டொலர். ஆம்ப்ளிஃபயர் இல்லாமல்.

தலையிடி விஷயத்தை முதலில் முடிக்கிறேன். வயதோடு கேள்திறன் எப்படிக் குறைகிறது என்பதற்கு ஐ.எஸ்.ஓ. 7029 என்று ஒரு சர்வதேசத் தரநிலை இருக்கிறது. அதில் ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனி அட்டவணை. வயது ஏற ஏற உயர் அதிர்வெண்களை இழப்பதில் ஆண்கள் முந்துகிறார்கள். சராசரிகளை வைத்து 'பெண் காதே உயர்ந்த காது' என்று கொடி பிடிக்க எனக்கு ஆசையில்லை. சத்தமான வேலைகளில் யார் நிற்கிறார்கள் என்பதும் அந்தக் கணக்குக்குள் கலந்திருக்கலாம். ஆனால் ஐம்பது வயது தாண்டிய ஒரு கடைக்காரர், நாற்பதில் இருக்கும் ஒருத்தியைப் பார்த்து, உனக்கு ஹை தேவையில்லை என்று சொல்வதில் உள்ள நகைச்சுவையை அந்த அட்டவணை எனக்கு விளக்கியது. அவருக்குக் கேட்காததை எனக்குக் குறைத்து வைக்கப் பார்த்தார்.

இந்தக் கதைக்குப் பழைய வேர் உண்டு. அமெரிக்காவில் வானொலி தொடங்கிய காலத்தில் பெண் அறிவிப்பாளர்களின் குரல் கீச்சிடுகிறது, தெளிவில்லை, ஆளுமை இல்லை என்று எழுதினார்கள். அங்கே மத்திய அலை நிலையங்களுக்கு இடையே பத்து கிலோஹேர்ட்ஸ் இடைவெளி. அதனால் பேச்சுக்குக் கிடைத்தது ஐந்து கிலோஹேர்ட்ஸ் வரை. 'ஸ', 'ஷ' போன்ற ஒலிகளின் உயிர் அதற்கு மேலேதான் இருக்கிறது, பெண் குரலில் இன்னும் மேலே. பாதையை ஐந்தோடு வெட்டிவிட்டு, வெட்டுப்பட்டவளைப் பார்த்துத் தெளிவில்லை என்றார்கள். கருவியின் குறை எப்போதும் பெண்ணின் குறையாகத்தான் பதிவாகிறது.

நான் கடையை விட்டு வந்து வேலையை நானே செய்தேன். மொத்தம் 840 டொலர்: ஸ்பீக்கர் 180, ஆம்ப்ளிஃபயர் 260, தலைமைக் கருவி 220, வயர்த் தொகுதி 70, கதவுக்குப் பியூட்டைல் விரிப்பு 90, சில்லறைச் சாமான் 20. நாலு வார இறுதிகள். எப்படிச் செய்தேன் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லப் போகிறேன். பெண்ணியத் தொகுப்பில் வயர்த் தடிப்பு எதற்கு என்று ஒரு வாசகிக்குத் தோன்றினால், அந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்று அவரே யோசித்துப் பார்க்கட்டும். ஆண்களுக்கு இந்த அறிவு அப்பாவிடமிருந்து, ஒன்றுவிட்ட அண்ணனிடமிருந்து, கராஜில் பியர்ப் போத்தலோடு நிற்கும் சிநேகிதனிடமிருந்து சும்மா வந்து சேர்கிறது. நமக்கு அச்சில் வந்தால்தான் உண்டு.

முதலில் பற்றரியின் மறை முனையைக் கழற்றுங்கள். காற்றுப்பை உள்ள காரில் இது கட்டாயம். இந்த மியாட்டாவில் பற்றரி பின்னால், பொதிப்பெட்டிக்குள் இருக்கிறது. ஆம்ப்ளிஃபயரையும் அங்கேயே வைத்தால் மின்கம்பி ஒரு மீற்றர்கூட ஓட வேண்டியதில்லை. மற்றக் கார்களில் முன்பக்கத்தில் இருந்து தடுப்புச் சுவரைத் துளைத்துக் கொண்டுவர வேண்டியிருக்கும். பற்றரியில் இருந்து 45 சென்ரிமீற்றருக்குள் ஃபியூஸ் இருக்க வேண்டும். ஃபியூஸ் காப்பது ஆம்ப்ளிஃபயரை அல்ல, கம்பியை. கம்பி எங்காவது உடம்பில் உரசினால் தீப்பிடிக்காமல் இருப்பதற்காக. தலைமைக் கருவியில் இருந்து வரும் சமிக்ஞைக் கம்பியை மின்கம்பியோடு ஒட்டி ஓடவிடாமல் எதிர்ப் பக்கத்தால் கொண்டுபோங்கள். இல்லையென்றால் எஞ்சின் வேகத்தோடு ஏறி இறங்கும் ஒரு சிணுங்கல் பாட்டுக்குள் புகுந்துவிடும்.

ஏன் ஆம்ப்ளிஃபயர் என்றால், தலைமைக் கருவியின் பெட்டியில் '50 வாட் x 4' என்று அச்சிட்டிருப்பது கொட்டாவி விடும் நேரத்துக்குள் வந்துபோகும் உச்சக் கணக்கு. தொடர்ச்சியாக அது தருவது இருபது வாட் வரை. நேர்மையான கணக்கு வேண்டுமென்றால் சி.டி.ஏ.-2006 என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். 14.4 வோல்ட்டில், நான்கு ஓமில், ஒரு சதவீதத்துக்கு மேல் சிதையாமல் எவ்வளவு என்று அந்தத் தரநிலை கேட்கிறது. தன் அளவைப் பெருக்கிச் சொல்லும் பழக்கம் இந்தத் தொழிலுக்கு எங்கிருந்து தொற்றியது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இன்னொன்று: சத்தம் மூன்று டெசிபெல் கூட வேண்டுமென்றால் வாட்டை இரண்டு மடங்காக்க வேண்டும். பத்து டெசிபெலுக்குப் பத்து மடங்கு. கூரை திறந்து நெடுஞ்சாலையில் போகும்போது காற்றின் இரைச்சல் மட்டுமே 85 டெசிபெலைச் சுலபமாகத் தாண்டும். இருபது வாட் அதற்குள் காணாமல் போகும்.

ஆனால் முழு வித்தையும் வாட்டில் இல்லை. கதவில் இருக்கிறது. கதவின் உட்தகட்டில் பெரிய பெரிய ஓட்டைகள். ஸ்பீக்கர் முன்னால் தள்ளும் அலையும் பின்னால் தள்ளும் அலையும் அந்த ஓட்டைகள் வழியே சந்தித்து ஒன்றையொன்று அடித்துப்போடும். முதலில் சாவது அடித்தொனி. ஓட்டைகளைப் பியூட்டைல் விரிப்பால் மூடினால், புதுக் கருவி எதுவும் வாங்காமலே பாதி வேலை முடிந்துவிடும். கடைக்காரர் இதைப் பற்றி வாய் திறக்கவில்லை. நேரம் பிடிக்கும், பெயர்ப்பலகை இல்லாத வேலை. துடைத்து, எண்ணெய் போக்கி, வெட்டி, சூடுகாட்டி, உருட்டி ஒட்ட வேண்டும். சமையலறைச் சுவரில் அலுமாரித் தாள் ஒட்டிப் பழகியவர்களுக்கு இது புதிதில்லை.

பழைய கதவுக்குள் ஆழம் குறைவு. ஸ்பீக்கரை வைத்துவிட்டு, திருகாணி முடுக்குவதற்கு முன் கண்ணாடியை முழுக்க இறக்கிப் பாருங்கள். காந்தத்தில் இடித்தால் இடைவளையம் போட வேண்டும். நேர், மறை முனைகள் மாறிவிட்டதோ என்று சந்தேகமா? மணிக்கூட்டுக்குப் போடும் ஒன்றரை வோல்ட் பற்றரியை ஒரு கணம் தொட்டுப் பாருங்கள். கூம்பு வெளியே துள்ளினால் சரி. ஒரு கதவு வெளியேயும் மறு கதவு உள்ளேயும் துள்ளினால் இரண்டும் சேர்ந்து அடித்தொனியை விழுங்கிவிடும். ஆம்ப்ளிஃபயரில் 'கெய்ன்' என்று ஒரு குமிழ் இருக்கும். அது சத்தக் குமிழ் அல்ல. தலைமைக் கருவியின் சமிக்ஞையோடு ஆம்ப்ளிஃபயரை ஒத்துப்போக வைக்கும் இடம். சத்தம் போதாது என்று அதை முறுக்குகிறவர்கள் ஸ்பீக்கரை எரிப்பார்கள். கதவு ஸ்பீக்கர்களுக்கு 80 ஹேர்ட்ஸுக்குக் கீழே போகாமல் வடிகட்டி வையுங்கள். தாங்கமுடியாத பாரத்தை அதன் தலையில் ஏற்றாதீர்கள்.

இனி உடம்பு. என் உயரம் 154 சென்ரிமீற்றர். இந்த வகைக் காரில் தலைப்பட்டை இருக்கையோடு ஒட்டியே இருக்கும், ஏறி இறங்காது. சில மாதிரிகளில் அதற்குள்ளேயே சிறிய ஸ்பீக்கர்கள். அருமையான யோசனை அது. தூரம் பாதியானால் ஆறு டெசிபெல் இலாபம். காதுக்குப் பின்னாலேயே பாட்டு இருந்தால் காற்றோடு சண்டை போட வேண்டியதில்லை, காதும் பிழைக்கும். ஆனால் எந்தக் காது? என் காது அந்த ஸ்பீக்கரின் மட்டத்துக்கு ஒரு சாண் கீழே இருக்கிறது. அது என் உச்சந்தலைக்குப் பாடுகிறது. நுரையை வெட்டிக் கீழே இறக்கலாம் என்று ஒருவர் சொன்னார். தலைப்பட்டை பின்மோதலில் கழுத்தைக் காக்கும் உறுப்பு, அதில் கத்தி வைக்கக் கூடாது என்று விட்டுவிட்டேன்.

இது ஒரு காரின் குறையும் அல்ல, ஒரு நிறுவனத்தின் குறையும் அல்ல. மோதல் சோதனைகளில் உலகம் பல பத்தாண்டுகளாக நம்பியிருந்த ஹைபிரிட் III பொம்மை 1970களில் வந்தது. உயரம் 175 சென்ரிமீற்றர், எடை 78 கிலோ, சராசரி ஆண். பெண் பொம்மை என்று பின்னால் வந்தது அதையே சுருக்கிய ஒன்று, ஒன்றரை மீற்றர் உயரம், 49 கிலோ. சுவீடனில் அஸ்த்ரிட் லிண்டரின் குழு சராசரிப் பெண்ணின் உடலமைப்பிலேயே ஒரு பொம்மையைச் செய்து காட்டியது 2022இல். உயிர் போகிற விஷயத்திலேயே நம் உடம்பை அளக்க இவ்வளவு காலம் எடுத்தது என்றால் பாட்டுக் கேட்கிற விஷயத்தில் அளந்திருப்பார்களா? புதுத் தலைமைக் கருவிகளில் 'சாரதி இருக்கை' என்று ஒரு பொத்தான் வருகிறது. நான்கு பக்கத்து ஒலியும் சாரதியின் காதுக்கு ஒரே நேரத்தில் வந்து சேரும்படி தாமதப்படுத்துவது அதன் வேலை. அமர்த்திப் பார்த்தேன். பாடகி எனக்குப் பின்னால், பொதிப்பெட்டிக்கு மேலே எங்கோ நின்று பாடினார். இருக்கையை இழுத்து முன்னால் போட்டு ஓட்டுகிறவள் அந்தப் பொத்தானின் கற்பனைக்குள் இல்லை.

சட்டை தைக்கிற அளவுநாடாவை எடுத்து என் காதில் இருந்து அளந்தேன். கண்ணாடிக்குப் பக்கத்து மூலைகளில் நான் பூட்டிய ட்வீட்டர்களில் இடதுபக்கத்துக்கு 62 சென்ரிமீற்றர். வலதுபக்கத்துக்கு 108. வித்தியாசம் 46. ஒலி ஒரு நொடிக்கு 343 மீற்றர் ஓடும். வகுத்தால் 1.3 மில்லி நொடி. இடதுபக்கத்தை அவ்வளவு தாமதப்படுத்தினேன். கே.பி. சுந்தராம்பாள் முன்கண்ணாடியின் நடுவில் வந்து நின்றார். ஒலிவாங்கி இல்லாமல் கொட்டகையின் கடைசி வரிசைக்குப் பாடிப் பழகிய குரல். அந்தக் குரலை நான் பிள்ளையாக இருந்தபோது கோயில் ஒலிபெருக்கியில்தான் கேட்டிருக்கிறேன், கொன்யூனிட்டின் கரகரப்போடு. அதற்குள் இவ்வளவு மூச்சு இருந்தது எனக்குத் தெரியாது.

தோழிகள் சிலருக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. அவர்களுடைய மறுப்பைத் தட்டிக்கழிக்க நான் விரும்பவில்லை, ஏனென்றால் கடைக்காரரைவிட அவர்கள் எனக்கு முக்கியமானவர்கள். ஆணின் விளையாட்டுச் சாமானைப் பெண் வாங்கினால் அது விடுதலையா என்று ஒருத்தி கேட்டாள். இல்லை. அப்படி நான் சொல்லவும் இல்லை. பெற்றோல் எரிக்கிறாயே என்றாள் இன்னொருத்தி. எரிக்கிறேன். வீதியில் உப்புப் போடுகிற நவம்பர் தொடக்கம் ஏப்ரல் வரை கார் வெளியே வருவதில்லை. கோடையில் மூவாயிரம் கிலோமீற்றர் வரை ஓடும். அந்தக் கணக்கை நான் மறைக்கவில்லை. ஆனால் அவள் தன் தம்பியின் மோட்டார் சைக்கிளைப் பற்றி என்னிடம் ஒருநாளும் முறையிட்டதில்லை.

எனக்கு உறைப்பது வேறொரு கேள்வி. 840 டொலருக்கு வேறு என்னென்ன செய்திருக்கலாம் என்று கேட்கிறார்கள். ஊருக்கு அனுப்பியிருக்கலாம். மகளின் படிப்புக்கு வைத்திருக்கலாம். யோகா வகுப்புக்குப் போயிருக்கலாம், அது உடம்புக்கு நல்லது, உடம்பு நன்றாக இருந்தால் பிள்ளைகளைப் பார்க்கலாம். பெண்ணின் இன்பம் எப்போதும் வேறு யாருக்கோ பயன்பட்டுத்தான் தன்னை நியாயப்படுத்த வேண்டியிருக்கிறது. களைப்பு நீங்கி இன்னும் நன்றாகச் சமைப்பாள் என்றால் சரி. மன அழுத்தம் குறையும் என்று வைத்தியர் எழுதித் தந்தால் சரி. ஒன்றுக்கும் உதவாத, ஒருவருக்கும் பயன்படாத, தனியாக இருந்து அனுபவிக்கிற இன்பத்துக்கு நம் மொழியில் ஆணுக்குப் 'பொழுதுபோக்கு' என்று சொல் இருக்கிறது. பெண்ணுக்கு 'எடுப்பு' என்று சொல் இருக்கிறது. பெண்ணியம் பேசுகிற நம் வாயிலும் அந்தச் சொல் வேறு உடுப்புப் போட்டு வருகிறது: 'நுகர்வு மோகம்'. நுகர்வு மோகம் என்றால் 2,900 டொலரைக் கொடுத்துவிட்டு ஆம்ப்ளிஃபயர் இல்லாமல் வீட்டுக்கு வருவது. முப்பது ஆண்டு பழைய காரைத் திறந்து, இருக்கிறதைத் திருத்தி வைத்துக்கொள்வதற்கு அந்தப் பெயர் பொருந்தாது.

சத்தத்தைப் பற்றியும் ஒன்று. இரவு பன்னிரண்டு மணிக்குப் புகைக்குழாயை வெடிக்கவிட்டு ஓடுகிறவர்களை எனக்கும் பிடிக்காது. அவர்கள் அடுத்தவரின் காதை எடுத்துக்கொள்கிறார்கள். நான் கேட்பது என் காதுக்கு உரியது. நல்ல ஒலியமைப்பு குறைந்த சத்தத்தில் நிறையச் சொல்லும், அதனால்தான் கதவு மூடுவதையும் தாமதக் கணக்கையும் பற்றி இவ்வளவு எழுதினேன். நெடுஞ்சாலையில் நீண்ட தூரம் கூரை திறந்து போவதென்றால் காதடைப்பான் போடுங்கள், பாட்டை நகரத்துக்குள் வந்து கேளுங்கள். ஆனால் சிவப்பு விளக்கில் நிற்கும்போது பக்கத்து வாகனத்துக்காரர் திரும்பிப் பார்த்தால் அதற்காகக் குமிழைத் திருப்பாதீர்கள். நீங்கள் கேட்பது அவருடைய காரில் ஓடுவதைவிடச் சத்தமாக இருக்காது. அவர் திரும்பிப் பார்ப்பது வேறு காரணத்துக்கு.

கடைக்குத்தான் போக வேண்டியிருக்கிறது, கராஜ் இல்லை, நேரம் இல்லை என்கிறவர்கள் இவற்றைக் கேளுங்கள். தொடர்ச்சியான வாட் எத்தனை? கதவை மூடுவீர்களா, எதனால்? வயரை முறுக்கி நாடா சுற்றுவீர்களா, கவ்வி போட்டு அழுத்துவீர்களா? ஃபியூஸ் எங்கே வைப்பீர்கள்? காருக்குரிய தனி இணைப்பான் வாங்குவீர்களா, இல்லை தொழிற்சாலை வயரை வெட்டுவீர்களா? கழற்றிய பழைய சாமானை என்னிடம் தருவீர்களா? என் இருக்கை இருக்கும் இடத்தில் என்னை இருத்தி அளப்பீர்களா? பதிலை எழுத்தில் வாங்குங்கள். "அவர் வரேல்லையே" என்று தொடங்கினால் திரும்பி வந்துவிடுங்கள். இந்த நகரத்தில் கடைகளுக்குக் குறைவில்லை.

எங்கள் கராஜில் ஞாயிறு காலை மூன்று பேர் கூடுகிறோம். இதுவரை ஒரு ஹொண்டா சிவிக், ஒரு பழைய வான். வருகிற ஞாயிறு ஒரு டொயோட்டா கொறொல்லா வருகிறது. உரிமையாளர் அறுபத்தேழு வயது அக்கா ஒருவர், காலையில் பூங்காவுக்குப் போகிற வழியில் எம்.எல். வசந்தகுமாரி கேட்க வேண்டுமாம். இடது கதவு பேசுவதில்லை. தட்டியைக் கழற்றுகிற பிளாஸ்டிக் நெம்பியும் ஒன்றரை வோல்ட் பற்றரியும் என்னிடம் இருக்கிறது. கவ்வி அழுத்துகிற குறட்டை அவர் மருமகனிடம் இருந்து எடுத்துவருவதாகச் சொல்லியிருக்கிறார்.